வெள்ளிக் காசை மினுக்காதீர்கள்

பழைய காசு சேர்க்கிறவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் எங்கே போனாலும் ஒரே கேள்விதான். கலியாண வீட்டில் கேட்பார்கள், அலுவலகத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்பார்கள், போன வாரம் பக்கத்து மாடியில் இருக்கிற அன்ரி லிப்டுக்குள் வைத்தே கேட்டார்: "தம்பி, எங்கட அப்பப்பான்ர வெள்ளிக் காசு கொஞ்சம் கிடக்கு, எல்லாம் கறுத்துப் போச்சு, என்னத்தாலயடா தேய்ச்சா வெளிக்கும்?" ஒன்றாலும் தேய்க்காதேங்கோ அன்ரி என்றேன். அவர் எதிர்பார்த்தது ஏதோ ஒரு மருந்தின் பெயரை. அது கிடைக்காத ஏமாற்றத்தோடு நாலாம் மாடியில் இறங்கிப் போனார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீடுகளில் வெள்ளி என்றால் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, குங்குமச் சிமிழ். நல்ல நாள் வருகிறது என்றால் அதற்கு முதல் நாள் விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து வைப்பார்கள். பாவிக்கிற சாமானுக்கு அது சரியான வேலைதான். ஆயிரம் தரம் தேய்த்தாலும் கிண்ணம் கிண்ணமாகவே இருக்கும். காசின் கதை வேறு. காசில் மதிப்புள்ள பகுதி அதன் மேல்தோல் மட்டுமே, தேய்க்கும்போது போவதும் அதுதான்.

காசு அடிக்கும் அச்சகத்தில் வெள்ளித் தகட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளை விட்டுவிட்டுப் போகிறது. புதுக் காசை வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால் ஒளி ஆரம் ஆரமாகச் சுற்றி ஓடுவது இந்தக் கோடுகளால். சேகரிப்பாளர்கள் இதை லஸ்டர் என்பார்கள். பற்பசை, சாம்பல், மினுக்குத் துணி எதைப் போட்டுத் தேய்த்தாலும் கோடுகள் அழிந்து, அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் வரும். காசு பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒளி ஓடாது. பழக்கப்பட்ட கண் இதை இரண்டு செக்கனில் பிடித்துவிடும், அதோடு விலையும் விழும்.

சரி, இந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? பலர் இதை இரும்பின் துருவோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். சாதாரணச் சூழலில் வெள்ளி ஒட்சிசனோடு மட்டும் இலேசில் சேராது, அதற்குக் கந்தகம் வேண்டும். காற்றில் மிகமிகச் சிறிய அளவில் இருக்கும் ஐதரசன் சல்பைட்டு போன்ற வாயுக்கள், ஈரமும் ஒட்சிசனும் துணைக்கு வர, வெள்ளியின் மேல் வெள்ளி சல்பைட்டுப் படலம் ஒன்றைப் போர்த்துகின்றன. டோனிங் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். படலம் தடித்துவிட்டால் கறுப்பு. ஆனால் கறுப்புக்கு முன்னால் ஒரு நீண்ட வண்ண ஊர்வலம் இருக்கிறது, காசுப் பைத்தியங்கள் பேசிப் பேசி அலுக்காத விஷயம் அது.

மழை விட்ட பிறகு காலி வீதியில், பஸ் நின்று போன இடத்தில், எண்ணெய் படிந்து ஏழு வண்ணமும் தெரியுமே, அதே பௌதிகம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. படலத்தின் மேலே பட்டுத் திரும்பும் ஒளியும், அதற்குள் போய் அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோத, சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் எஞ்சுகின்றன. எது எஞ்சும் என்பதைப் படலத்தின் தடிப்புத் தீர்மானிக்கிறது. இந்த விளையாட்டெல்லாம் தொடங்குவது ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவான தடிப்பில். முதலில் இளமஞ்சள், வைக்கோல் நிறம் மாதிரி. பிறகு பொன்னிறம், செம்பழுப்பு, அதன்பின் கருஞ்சிவப்பும் ஊதாவும், பிறகு ஆழ்ந்த நீலம், வெளிர்நீலம். அதையும் தாண்டினால் இரண்டாம் சுற்றாக மறுபடி மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை. கடைசியில் சாம்பல், கறுப்பு.

இந்த வரிசையை மனதில் பதித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். இயற்கையாக நிறமேறிய காசில் பெரும்பாலும் விளிம்பில்தான் படலம் தடிப்பாக இருக்கும், நடுவுக்கு வர வர மெலியும். எனவே விளிம்பில் நீலம் என்றால் உள்ளே வர ஊதா, பிறகு சிவப்பு, பிறகு பொன், நடுவில் வெள்ளை என்று படிப்படியாக இறங்கும். பொன்னிறத்துக்குப் பக்கத்தில் திடீரென்று நீலம், இடையில் ஒன்றுமே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அமெரிக்காவின் மோர்கன் டொலர் என்கிற வெள்ளிக் காசுகள் 1,000 காசு கொண்ட துணிப்பைகளில் பல பத்தாண்டுகள் திறைசேரிக் காப்பறைகளில் கிடந்தன. பைத்துணியில் ஒட்டிக்கொண்டு கிடந்த காசுகளுக்கு ஒரு பக்கம் வானவில் ஏறியது, துணியின் நெசவுகூடச் சிலவற்றில் பதிந்திருக்கும். மேலே இன்னொரு காசு மூடிக் கிடந்த இடம் மட்டும் வெள்ளையாக, பிறை வடிவில் எல்லை கட்டி நிற்கும். அங்கே அப்படியான காசுகளுக்குச் சாதாரண விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள். அந்தப் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு எங்கள் பெடியளும் வானவில் தேடிக்கொண்டு திரிகிறார்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், எனக்கு அதில் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

முதலில் எங்கள் கைக்கு வருகிற காசு எது என்று பார்ப்போம். கொழும்புத் தமிழ் வீட்டு அலுமாரிகளில் வெள்ளி என்று கிடப்பது பொதுவாக மூன்று வகை. ஒன்று, பிரித்தானிய இந்திய ரூபாய். 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. 1872 இல் இலங்கையில் ரூபாயும் சதமும் கணக்கானபோதும் இலங்கைக்கென்று தனி வெள்ளி ரூபாய் அடிக்கவில்லை, இந்திய ரூபாயே இங்கும் ஓடியது. செட்டியார் தெருவில் வட்டிக்கடைகள் நடந்த காலத்தில் பெட்டி பெட்டியாக எண்ணப்பட்டதும், தோட்டத்துச் சம்பளமாகப் போனதும் அதுதான். 1940 இல் அதன் வெள்ளி 50 சதவீதமாக இறங்கியது, 1947 இல் வெள்ளியே இல்லாமல் நிக்கல் ஆனது. இரண்டாவது, இலங்கையின் 10, 25, 50 சதங்கள். விக்டோரியா தலையோடு 1892 இல் தொடங்கி, எட்வேர்ட், ஜோர்ஜ் என்று தொடர்கிறவை. பின்பக்கம் நடுவில் பனை இனத்து மரம் ஒன்று நிற்கும். 50 சதம் 5.83 கிராம். முதலில் 80 சதவீதம் வெள்ளி, 1919 இலிருந்து 55 சதவீதம். மூன்றாவது, 1957 இல் புத்த ஜயந்திக்கு வெளியிட்ட ஐந்து ரூபாய். 28.28 கிராம், 92.5 சதவீதம், கையில் வைத்தாலே கனம் தெரியும், இந்த மூன்று வகையிலும் மிகப் பெரியது. இன்னும் பழசு வேண்டுமென்றால் யானை பொறித்த 1821 ரிக்ஸ்டொலர் என்கிற வெள்ளிக் காசு இருக்கிறது, ஆனால் அது தற்செயலாக அலுமாரியில் கிடக்கிற சாமான் இல்லை.

இந்தச் சதவீதங்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளியோடு கலந்த மிச்சத்தில் பெரும்பங்கு செம்பு, செம்புக்குத் தனிக் குணம். ஒட்சிசனோடு சேர்ந்து பழுப்பும் செம்மையும் காட்டும், உப்பும் ஈரமும் கிடைத்தால் பச்சைக் களிம்பும் பிடிக்கும். அதனால்தான் ஒரே பெட்டியில் ஒரே காலம் கிடந்தாலும் 1957 ஐந்து ரூபாய் பொன்னும் ஊதாவுமாக அழகு காட்ட, 1920களின் 50 சதம் மண்ணில் புரண்டது மாதிரி மங்கிய பழுப்பில் நிற்கும். அந்த 55 சதவீதக் காசுகளிடம் வானவில் எதிர்பார்க்கக் கூடாது. நல்ல சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தாலே பெரிய விஷயம். நல்ல காசு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க வேண்டுமானால், கோட்டையில் சதாம் வீதியில் சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்தில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது, ஒருநாள் போய் ஆறுதலாகப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டடத்துக்காகவும் போகலாம்.

இனிக் கொழும்பு. வெளிநாட்டுக்காரர் எழுதிய பராமரிப்புக் குறிப்புகளை வாசித்தால் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள் என்று இருக்கும். எங்கே ஐயா இருக்கிறது அந்த இடம்? இங்கே காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 75, 80 சதவீதத்தைத் தொடும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் செருப்பிலேயே பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோரமாக இருக்கிறவர்களுக்கு மேலதிகமாக உப்புக் காற்று. உப்பிலுள்ள குளோரைட்டு வெள்ளியோடு சேர்ந்தால் அழகான நிறம் ஒன்றும் வராது, ஊதா கலந்த மங்கிய சாம்பல் தோல்தான் வரும், வெளிச்சம் பட அது இன்னும் கறுக்கும். போதாததற்கு வெயில் காலத்தில் நீர் வற்றிய கால்வாய் மணக்கிற மணம் தெரியும்தானே? அந்த அழுகிய முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டேதான். கால்வாய்க் கரையில் வீடும் வெள்ளிச் சேகரிப்பும் இருக்கிறவர் யன்னலைச் சாத்தி வைக்கட்டும்.

ஆனால் என் அனுபவத்தில் வெளியிலிருந்து வருகிற காற்றைவிட வீட்டுக்குள்ளே நாங்களாகச் செய்து வைக்கிற ஏற்பாடுகள்தான் அதிகம் கெடுக்கின்றன. முதல் எதிரி ரப்பர் பேண்ட். காசைக் கடதாசியில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது எங்கள் ஆட்களின் பரம்பரைப் பழக்கம். ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான். கடதாசியைத் தாண்டியும் அது வேலையைக் காட்டும், சில வருடம் கழித்துப் பிரித்தால் ராணியின் கழுத்துக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டை எடுக்க ஒரு வழியும் இல்லை, எடுத்தால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். இரண்டாவது, நகைக்கடைக்காரர் தருகிற வெல்வெட் பெட்டியும் ரோஸ் நிறத் தாளும். நகையைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக அவை போதும், முப்பது வருடம் வைக்க அல்ல. சாயத்தில் என்ன இருக்கிறது, பசையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஈரத்தில் சாயம் ஊறிக் காசில் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். மூன்றாவது சாமியறை. லட்சுமி கடாட்சம் என்று வெள்ளிக் காசைப் படத்துக்கு முன்னால் வைப்பார்கள், வைக்கட்டும், அது வேறு கணக்கு. ஆனால் தீக்குச்சி மருந்தில் கந்தகம் உண்டு, கற்பூரப் புகையும் எண்ணெய்ப் புகையும் படியும். சேகரிப்புக்கென்று எடுத்து வைத்த காசை அங்கே வைக்காதீர்கள். குசினிக்குப் பக்கத்து அலுமாரியும் வேண்டாம். முட்டை, வெங்காயம், உள்ளி, பெருங்காயம் எல்லாமே கந்தகக் குடும்பம்.

பூச்சிக்கு என்று நப்தலீன் உருண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளியைத் தின்னுகிற பூச்சி இன்னும் பிறக்கவில்லை.

இதையெல்லாம் விட மோசமானது, காசு சேர்ப்பதற்கென்றே விற்கிற அல்பம். ஆம், அதுவேதான். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள் கொண்ட அல்பங்கள் பலவும் பிவிசி என்கிற பிளாஸ்டிக். பிவிசி இயல்பில் விறைப்பானது, அதை மெதுவாக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருள் சேர்ப்பார்கள். வெக்கையில் அந்தப் பொருள் மெல்லக் கசியும், பிளாஸ்டிக்கும் சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலத்தை விடும், அமிலம் காசிலுள்ள செம்போடு சேரும். பச்சை நிறத்தில் ஒட்டுப்பிசினாக ஒரு படலம் வரும். ஐரோப்பாவில் பத்து இருபது வருடம் எடுக்கிற வேலை எங்கள் வெக்கையில் வெகு விரைவில் முடிந்துவிடும். அல்பத்தைத் திறந்ததும் புதுக் காருக்குள் ஏறினதுபோல மணம் அடித்தால், பை வளைத்தால் வழுக்கென்று வளைந்தால், சந்தேகப்படுங்கள். உறுதிப்படுத்த ஒரு பரிசோதனை உண்டு: செப்புக் கம்பியைச் சுவாலையில் சிவக்கக் காய்ச்சி, அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு துணுக்குத் தொட்டு, திரும்பச் சுவாலையில் காட்ட வேண்டும். சுவாலை பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம், அநேகமாகப் பிவிசி. இதை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

அப்படியானால் எதில் வைப்பது? மைலார் என்கிற பொலியெஸ்ரர் படலம், பொலிபுரொப்பிலீன், பொலிஎதிலீன், பொலிஸ்டைரீன், அக்ரிலிக். இவற்றில் குளோரினும் இல்லை, கசிகிற எண்ணெயும் இல்லை. மலிவான வழி, நடுவில் மைலார் யன்னல் வைத்த சதுர அட்டை. மடித்து நாலு பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடிக்கலாம். பின் அடித்த பிறகு அதன் முனைகளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்து அட்டையிலுள்ள காசைக் கீறும். காசை வெளியில் எடுக்கும்போது முதலில் பின்களைக் கழற்ற வேண்டும், இழுத்துக் கிழித்தால் பின்முனை காசின் முகத்தில் ஓடும். கொஞ்சம் நல்ல காசு என்றால் அந்தந்த விட்டத்துக்கு வருகிற கப்சூல் என்கிற வட்டப் பிளாஸ்டிக் கூடு வாங்குங்கள். 1957 ஐந்து ரூபாய்க்கு நான் கப்சூலைத் தவிர வேறொன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவ்வளவு பெரிய காசு அட்டைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும்.

கப்சூல் மட்டும் போதுமா என்றால் போதாது. எந்தக் கப்சூலும் காற்றை முழுதாக அடைக்காது, தரம் பார்க்கும் கம்பனிகள் சீல் வைத்துத் தருகிற ஸ்லாப் என்கிற பிளாஸ்டிக் கூடுகூட அடைக்காது. ஸ்லாப்புக்குள்ளே இருந்தபடியே நிறம் மாறிய காசுகள் இருக்கின்றன. ஆகவே கப்சூல்களை எல்லாம் சேர்த்து, ரப்பர் வளையம் இல்லாத, அல்லது சிலிக்கோன் வளையம் போட்ட இறுக்கமான மூடியுள்ள பொலிபுரொப்பிலீன் டப்பாவில் வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு விற்கிற டப்பா போதும், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பொலிபுரொப்பிலீன். அதற்குள் சிலிக்கா ஜெல். சப்பாத்துப் பெட்டியில் வருகிற குட்டிப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும்போதே தன்னால் குடிக்க முடிந்ததைக் குடித்துவிட்டது. நிறம் மாறுகிற வகையை வாங்குங்கள். செம்மஞ்சள் நிறமுள்ளது ஈரம் குடித்ததும் பச்சையாகும் அல்லது நிறமிழக்கும், நீலம் ரோஸாகும். நீலத்தில் கோபால்ட் குளோரைட்டு இருப்பதால் நான் செம்மஞ்சளையே வாங்குகிறேன். நிறம் மாறினதும் 120 பாகை செல்சியஸ் அளவில் ஓவன் அடுப்பில் ஓரிரு மணித்தியாலம் வைத்தால் குடித்த தண்ணீரை விட்டுவிடும், ஆறவிட்டு மறுபடி போடலாம். மழைக்காலத்தில் டப்பாவை அடிக்கடி திறந்து ஆட்களுக்குக் காட்டினால் ஜெல் பாவம் என்ன செய்யும், அதனால் காட்டுகிற வேலையை வெயில் காலத்துக்கு ஒத்தி வைப்பது நல்லது.

ஜெல் குடிப்பது ஈரத்தை மட்டுமே, கந்தகத்தை அல்ல. அதற்குச் செயற்படுத்திய கரி ஊட்டிய தாள் துண்டுகள் கிடைக்கின்றன, வெள்ளிப் பாத்திரத்துக்கென்று விற்கிறார்கள். கொஞ்சக் காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செம்புத் துகள் கலந்த ஒரு வகைப் பிளாஸ்டிக்கும் இருக்கிறது, வருகிற கந்தகத்தைக் காசுக்கு முன்னால் அந்தச் செம்பு வாங்கிக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொக்லட்டுக்குப் பதில் இதைக் கேட்கலாம்.

வங்கி லொக்கர் பற்றியும் கேட்பார்கள். களவுக்கு அது நல்லது. ஈரத்துக்கு அது ஒன்றும் செய்யாது, அங்கேயும் டப்பாவும் ஜெல்லும் வேண்டும், ஆனால் போய்ப் பார்க்கச் சோம்பல் வருவதால் ஜெல் செத்துப்போய் மாதக்கணக்கில் கிடக்கும். தொடுவதைப் பற்றிச் சுருக்கமாக: விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பெருவிரல் வைத்த இடத்தில் அந்த ரேகை சில மாதம் கழித்துப் பழுப்பாக எழும்பி வரும், பிறகு போகவே போகாது. கையுறை போடுகிறதென்றால் நைட்ரைல். சாதாரண லேடெக்ஸ் ரப்பர்தான், மறுபடியும் கந்தகம். கீழே ஒரு மெத்தென்ற துவாயை விரித்துவிட்டு எடுங்கள், காசுக்கு மேலே குனிந்து கதைக்காதீர்கள். எச்சில் துளி வெள்ளியில் விட்ட புள்ளியை எத்தனையோ நல்ல காசில் பார்க்கலாம்.

சரி, கழுவவே கூடாதா? ஒரு விதிவிலக்கு உண்டு. பிவிசிப் பிசின், பசை, எண்ணெய், டேப் ஒட்டின அடையாளம் இவற்றுக்குச் சுத்தமான அசற்றோன். அது வெள்ளியோடும் செம்போடும் சேராது, டோனிங்கையும் தொடாது, மேலே ஒட்டியிருக்கிற கரிமப் பிசுக்கை மட்டும் கரைக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை ஊறவிட்டு, வேறு புது அசற்றோனில் ஒருமுறை அலசி எடுத்து, தானாக உலரவிட வேண்டும். துடைக்கக் கூடாது. நகப்பூச்சு அகற்ற விற்கிற திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். யன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது, சட்டென்று பற்றும்.

டிப் என்று ஒரு திரவம் விற்கிறார்கள், தயோயூரியாவும் அமிலமும் கலந்தது. காசை முக்கி எடுத்தால் சில செக்கனில் வெள்ளை. பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் சல்பைட்டாக மாறிய வெள்ளி கரைந்து திரவத்தோடு போய்விடுகிறது, அதனோடு நான் மேலே சொன்ன ஓட்டக் கோடுகளும் கொஞ்சம் மழுங்குகின்றன. மெல்லிய படலத்தை ஒருமுறை எடுத்தால் பெரிதாகத் தெரியாது. கறுப்புக் காசை எடுத்தால் அடியில் அரிபட்ட, செத்த வெள்ளை ஒன்று வெளியே வரும், அதைவிடக் கறுப்பே மேல். அலுமினியத் தாளில் வைத்துச் சோடாத்தூள் வெந்நீர் ஊற்றுகிற முறை இன்னொன்று. அதில் கந்தகம் அலுமினியத்துக்குப் போய், வெள்ளி திரும்பக் காசிலேயே படிகிறது, எனவே நட்டமில்லை என்று இணையத்தில் எழுதுகிறார்கள். படிகிறது உண்மை. முன்பிருந்த மாதிரிப் படியாது, உயிரில்லாத மங்கலான மேற்பரப்பாகப் படியும். சந்தனக் கிண்ணத்துக்கு அருமையான முறை, விபூதியைவிட நல்லது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி அந்த வானவில். நிறத்துக்கு விலை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து நிறத்தைச் செய்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சூடுகாட்டி, கந்தக இரசாயனம் பூசி, ஓரிரு நாளில் மயில் கழுத்து மாதிரிக் கொண்டுவந்து விடுவார்கள். அமெரிக்காவில் 1986 இல் தொடங்கிய பிசிஜிஎஸ்ஸும் 1987 இல் தொடங்கிய என்ஜிசியும், காசுக்குத் தரம் பார்க்கும் கம்பனிகள் இவை, இப்படியான காசுகளுக்கு முழுத் தரம் கொடுப்பதில்லை, நிறம் சந்தேகத்துக்குரியது என்று எழுதி அனுப்பிவிடும். இங்கே அந்தச் சோதனைக்குப் போகிற காசு மிகக் குறைவு, பேச்சை நம்பித்தான் வியாபாரம். ஒருமுறை என்னிடம் ஓர் எட்வேர்ட் ரூபாயைக் காட்டினார்கள், நீலமும் ஊதாவும் முகமெங்கும், "பழைய பெட்டியொண்டுக்குள்ள கிடந்தது, அப்பிடியே எடுத்தது" என்றார் விற்கிறவர். லூப் என்கிற உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தேன். எழுத்துகளின் மேடும் பள்ளமும் ஒரே நிறம், நிறத்துக்குப் பொன்னிலிருந்து இறங்கி வருகிற படி எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், நிறத்துக்கு அடியில் மினுக்கின கீறல்கள். முதலில் யாரோ தேய்த்துக் கெடுத்திருக்கிறார்கள், பிறகு கெட்டதை மறைக்க நிறம் போட்டிருக்கிறார்கள். நன்றாக இருக்கு அண்ணை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். சண்டை பிடித்து என்ன ஆகப்போகிறது.

என் நிலைப்பாடு இதுதான், ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்: இலங்கையில் நிறத்துக்கு மேலதிகமாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இந்த வெக்கையில், இந்த ஈரத்தில், எந்த வெள்ளியும் காலப்போக்கில் இலவசமாகவே நிறமேறும். காசை வாங்குங்கள், வருடத்தையும் அச்சின் தெளிவையும் தேய்மானத்தையும் பாருங்கள், நிறம் கூட வந்தால் சந்தோஷம். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது, ஓரத்தில் மட்டும் இலேசாகப் பொன் ஏறிய சாம்பல். நூறு வருடம் கடந்த விக்டோரியா 50 சதம் புத்தம்புது வெள்ளையாக நின்றால் எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் பயம்தான் வரும்.

காசு மாலைக்காரர்களுக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. வளையம் வைத்து ஒட்டின, துளை போட்ட ரூபாய்கள் நகையாகிவிட்டவை, சேகரிப்பு விலை ஏற்கனவே போய்விட்டது. பாட்டி கழுத்தில் கிடந்தது என்ற மதிப்புக்கு முன்னால் அந்த விலை என்ன. பத்தரிடம் கொடுத்து மினுக்கி, கலியாணத்துக்குப் போடுங்கள். ஒட்டின வளையத்தை மட்டும் கழற்றிக் காசாக்கப் பார்க்காதீர்கள், ஈயம் ஒட்டின தழும்பு போகாது.

கடைசியாக, இதையெல்லாம் வாசித்துவிட்டு "நான் போன தீபாவளிக்கே எல்லாத்தையும் பற்பசை போட்டுத் தேய்ச்சிட்டனே" என்று எழுதப்போகிறவர்களுக்கு. கீறல் திரும்பாது, ஆனால் அந்தக் கூசுகிற வெள்ளை அடங்கும். பற்பசையின் மிச்சம் எழுத்து இடுக்குகளில் இருக்கும், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள், பிறகு அசற்றோனில் ஒருமுறை, உலரவிட்டுத் தேய்க்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சாதாரணக் கடதாசி உறையில் போட்டு லாச்சியில் விட்டுவிடுங்கள். டப்பாவும் ஜெல்லும் இவற்றுக்கு இப்போதைக்கு வேண்டாம், காற்றுப் படட்டும். சில வருடத்தில் சாம்பல் படிந்து கண்ணுக்கு இதமாகிவிடும், அதன்பின் கப்சூலுக்கு மாற்றலாம். உறையின் வெளியே பென்சிலால், காசை உள்ளே போடுவதற்கு முன்பே, வருடத்தையும் தேய்த்துக் கழுவியது என்பதையும் எழுதி வையுங்கள். பின்னாளில் உங்கள் பிள்ளை விற்கப் போனால் வாங்குகிறவருக்கு அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.